மூன்றாம் வரிசைக்கு வந்த எறும்புகள்

செலின் அன்று காலை கட்டுமான அலுவலகத்தில் தன்னுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் சொல்வதற்கு ஒன்றுமே இருந்திருக்காது. அவளுடைய கணினி ஏதோ புதுப்பித்தலில் மாட்டிக்கொண்டு, சுற்றும் வட்டத்தைக் காட்டியபடி கிடந்தது. பக்கத்து இருக்கையில் சகபணியாளன் வைரவனின் திரை திறந்தே இருந்தது. மகள் பள்ளிக்கூடத்துச் சறுக்குமரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டாள் என்று போன் வந்ததும், பாதி குடித்த டீயை அப்படியே வைத்துவிட்டு அவன் ஓடியிருந்தான். கறுப்புத் திரையில் கர்சர் மின்னிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேர வேலைதானே என்று செலின் அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கடல் ஏறி வந்து பழைய தெருக்களை எடுத்துக்கொண்ட பிறகு, தூத்துக்குடிக்குத் தெற்கே மேட்டு நிலத்தில் எழுப்பிய ஊர் புதுக்கரை. அதைக் கொத்தனார்கள் கட்டவில்லை, எறும்புகள் கட்டின. தேங்காய் அளவில், ஆறு கால்களோடு, ஆயிரக்கணக்கில் அவை ஊருக்கு வடக்கே ஒரு பெரிய கொட்டகையில் கிடக்கும். அந்தக் கொட்டகைக்குப் புற்று என்றே பெயர் நிலைத்துவிட்டது. எறும்புகளுக்கு வேலை சொல்வது தச்சன் என்கிற கணினி நிரல். பொத்தான், படம் எதுவும் கிடையாது. ஒரு வரி தட்டினால் போதும், சுவர் எழும். இன்னொரு வரி தட்டினால் சுவர் கலையும்.

அதனால்தான் கணினிக்குள் இன்னொரு புதுக்கரையை வைத்திருந்தார்கள். வீடு, குழாய், கம்பி எல்லாம் அச்சு அசலாக நிஜ ஊரைப் போலவே. அதற்கு நிழல் என்று பெயர்; நிஜ ஊர் தச்சனுக்குக் கரை. எதையும் முதலில் நிழலில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நிஜ ஊரில் கைவைப்பது.

மூன்றாம் வரிசையைக் கலைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தலைமைப் பொறியாளர் திருவேங்கடம் கேட்டிருந்தார். அங்கிருக்கும் வீடுகள் உப்புக்காற்றில் அரித்து, வாழத் தகுதியற்றவையாகிவிட்டன என்று ஆய்வறிக்கை வந்திருந்தது. குடியிருப்பவர்கள் போக மறுத்து வழக்குப் போட்டிருந்தார்கள். தீர்ப்பு வரவில்லை. இப்போதைக்குக் கணக்கு மட்டும் வேண்டும்.

செலின் தட்டினாள்: தச்சன் கலை மூன்றாம்-வரிசை.

'செய்யவா?' என்று தச்சன் கேட்டது. 'ஆம்' என்று தட்டிவிட்டு, கைப்பையிலிருந்து கொய்யாப்பழத்தை எடுத்துக் கடித்தாள். நிழலில் ஒரு வரிசையைக் கலைக்க, பழத்தை ஒருமுறை கடித்து மெல்லும் நேரம்கூட ஆகாது. ஆனால் திரையில் 'முதல் நடை புறப்பட்டது' என்று வந்து நின்றதே தவிர, மேலே நகரவில்லை. வைரவன் கணினி ரொம்ப மெதுவாக இருக்கிறதே என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

திருவேங்கடம் கையில் போனோடு அறையிலிருந்து வெளியே வந்தார்.

"செலின், மூணாம் வரிசைக்கு எறும்பு வந்திருக்காமே? யாரு அனுப்பினது?"

"எறும்பா? இல்லையே சார். நான் நிழல்லதானே..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் திரையின் ஓரத்துக்குப் போனது. அங்கே சின்ன எழுத்தில் இருந்தது. ஊர்: கரை.

கொய்யாப்பழத்தைக் கீழே வைத்தாள்.

"சார், நிஜ ஊருக்குப் போயிட்டுது."

"நீ நிழல்னுதானே போட்ட?"

"நான் எதுவுமே போடலை சார். அதுதான் தப்பு." அவள் எழுந்து நின்றுகொண்டாள். "எந்த ஊர்ல வேலைன்னு கட்டளையோடயே சேர்த்துச் சொல்லலாம். சொல்லலைன்னா தச்சன் சூழலைப் பார்க்கும்."

திருவேங்கடம் சிமெண்டும் கம்பியும் படித்து வந்தவர். "சூழல்னா?"

"இந்தத் திரை திறந்திருக்கிற வரைக்கும் இதுக்குள்ள நிக்கிற சின்னச் சின்ன அமைப்புகள் சார். சூழல் மாறின்னு சொல்லுவோம். ஒரு தடவை சொல்லி வச்சா, மூடுற வரைக்கும் அப்படியே இருக்கும். நாமளா கேட்டாத்தான் காட்டும், இல்லைன்னா கண்ணுலயே படாது. என் கணினியில ஊர்னு கேட்டா எப்பவும் நிழல்னு வரும். அந்தப் பழக்கத்துல நான் தனியாச் சொல்றதே இல்லை. இது வைரவன் திரை. காலையில பம்ப் அறையில குழாய் மாத்தினாரே, அதுக்காக நிஜ ஊரைச் சொல்லி வச்சிருக்காரு. மூடாமப் போயிட்டாரு. நானும் பார்க்காம உக்காந்துட்டேன்."

"சரி, பதறாதே. உள்ள ஆள் இருந்தா எறும்பு தொடாதில்ல? அதுக்குத்தானே உயிர்ச்சோதனை வச்சிருக்கோம்?"

செலின் குனிந்து, சூழலில் வேறு என்னென்ன இருக்கிறது என்று கேட்டாள். இரண்டாவது வரியைத் தொட்டுக் காட்டினாள்.

உயிர்ச்சோதனை: வேண்டாம்.

பம்ப் அறையின் சூடான குழாய்கள் மேல் எப்போதும் பூனைகள் படுத்துக் கிடக்கும். பூனை இருந்தால் எறும்புகள் அசையாமல் நின்றுவிடும். விரட்டி விரட்டி அலுத்துப்போய், அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைரவன் சோதனையை எடுத்து வைத்திருக்கிறான். அதுவும் திரையோடு அப்படியே நின்றுவிட்டது.

"நிறுத்து! உடனே நிறுத்து!"

"எறும்பு வெளிய இருக்கறப்ப நிறுத்தக் கூடாது சார். தச்சன் நின்னு போச்சுன்னா புற்று தானா மிச்ச வேலையை எடுத்து முடிச்சிடும். அப்புறம் யாராலயும் தடுக்க முடியாது. அரைகுறையா நின்ன சுவர் ஒண்ணு விழுந்துச்சே, அதுக்கப்புறம் அப்படி மாத்தினோம்."

அப்படி மாற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் திருவேங்கடம்தான்.

"அப்ப அந்த மாறியை இப்ப மாத்திடேன்."

"தச்சன் கிளம்பும்போதே சூழலோட ஒரு பிரதியைக் கையில எடுத்துட்டுப் போகுது சார். இங்க இனிமே நான் என்ன மாத்தினாலும் அதுக்கு எட்டாது." செலின் ஒரு மூச்சு விட்டுக்கொண்டாள். "ஆனா ஒரு வழி இருக்கு. முதல் நடையில தண்ணியையும் கரண்டையும் துண்டிக்கும், கதவுத் தாழைக் கழட்டும். அவ்வளவுதான். அப்புறம் எல்லாம் புற்றுக்குத் திரும்பி வந்து கருவி மாத்திக்கும். ரெண்டாவது நடையிலதான் கூரையைத் தூக்கும். நடுவுல, எல்லா எறும்பும் உள்ள இருக்கற அந்தக் கொஞ்ச நேரத்துல நிறுத்தினா, வேலை முடிஞ்சதுன்னு புற்று நம்பிடும்."

"தவறிட்டா?"

"அதுக்குள்ள ஜனங்க வெளிய வந்திருக்கணும்."

திருவேங்கடம் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார். புயல் ஒத்திகை நடக்கிறது, மூன்றாம் வரிசைக்காரர்கள் எல்லாரும் உடனே கோயில் மைதானத்துக்கு வரவும் என்று இரண்டு முறை சொன்னார். கண்காணிப்புக் கேமராவில் பார்த்தார்கள். ஒரு கதவும் திறக்கவில்லை. சன்னலோரம் இரண்டு மூன்று தலைகள் தெரிந்தன, அவ்வளவுதான். போன வருஷமும் இப்படித்தான் புயல் ஒத்திகை என்று வெளியே வரச் சொல்லிவிட்டு, அந்த இடைவெளியில் வீடுகளை அளந்து அறிக்கை எழுதியிருந்தார்கள். மறுபடியும் ஏமாற அவர்கள் தயாராக இல்லை.

"ஜெசிந்தா நம்பர் குடுங்க சார்," என்றாள் செலின்.

வழக்குப் போட்டதே ஜெசிந்தாதான். பழைய ஊரில் மீன் ஏலக் கூடத்தில் குரல் கொடுத்தே பழகியவள். போனை எடுத்ததும் அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"யாரு பேசுதது?"

"அக்கா, நான் கட்டுமான ஆபீஸ்லேர்ந்து செலின். எல்லாரும் வீட்டை விட்டு வெளிய வரணும். கூரையைப் பிரிக்கப் போகுது."

"பிரிக்கட்டும். ஆளு உள்ள இருக்கும்போதே பிரிக்கட்டும். கேசு நடக்குதுன்னு தெரிஞ்சும் பூச்சியை ஏவி விடுதிய இல்ல? நாங்க வெளிய வந்தா அப்புறம் உள்ள விடமாட்டிய. எங்களுக்குத் தெரியாதா?"

திருவேங்கடம் ஒரு காகிதத்தில் 'இயந்திரக் கோளாறு என்று சொல்' என்று எழுதி அவள் முன்னால் தள்ளினார். செலின் அதைப் பார்த்தாள். அப்புறம் பார்க்காதவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா, யாரும் ஏவலை. அனுப்பினது நான்தான். கணினிக்குள்ள இருக்கற பொம்மை ஊருக்கு அனுப்பறதா நினைச்சு நிஜ ஊருக்கு அனுப்பிட்டேன். ஊர் பேரு திரையிலயே இருந்துச்சு. நான் படிக்கலை. இது என் தப்பு."

அந்தப் பக்கம் குழந்தை ஒன்று அழுவது மட்டும் கேட்டது.

"இப்பச் சொல்றது உங்களை வெளிய வரவைக்கற தந்திரம் இல்லை. நிறுத்தப் பாக்குறேன். நிறுத்த முடியாமப் போச்சுன்னா, கூரைக்குக் கீழ ஒருத்தரும் இருக்கக் கூடாது. என்னை நம்ப வேண்டாம். புள்ளைங்களையாவது வெளிய அனுப்புங்க."

"ஏ மிக்கேலு!" என்று ஜெசிந்தா யாரையோ கூப்பிட்டாள். "எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு மைதானத்துக்குப் போ லே. பெருசுகளையும் தூக்கிட்டுப் போ. கேள்வி கேக்காத, போ."

கேமராவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. கைக்குழந்தைகளோடு பெண்கள் வந்தார்கள். ஒரு கிழவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் கால்களுக்கு இடையில், வேலை முடிந்த எறும்புகள் வடக்குப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தன. திரையில் 'வெளியே' என்ற எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. செலின் நிறுத்தும் கட்டளையைத் தட்டித் தயாராக வைத்துக்கொண்டு, விரலை மட்டும் எடுத்து வைத்திருந்தாள்.

எண்ணிக்கை ஒன்றில் வந்து நின்றது.

"என்ன ஆச்சு?" என்றார் திருவேங்கடம்.

"ஒண்ணு வரலை." அவள் இடத்தைத் தேடினாள். "ஜெசிந்தா அக்கா வீட்டுல நிக்குது."

போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. "அக்கா, நீங்க இன்னும் உள்ளயா இருக்கீங்க?"

"ஆமா. உங்க பூச்சி ஒண்ணு குழாயைக் கடிக்க வந்துச்சு. அண்டாவைக் கவுத்துப்போட்டு மேல உக்காந்திருக்கேன். கோர்ட்டுல காட்டுததுக்குச் சாட்சி வேணுமில்ல?"

"அக்கா, அதை விட்டுருங்க."

"என்ன சொல்லுத?"

"அது ஒண்ணு வெளிய இருக்கற வரைக்கும் என்னால நிறுத்த முடியாது. மத்ததெல்லாம் கருவி மாத்திட்டு மறுபடி கிளம்பிரும். கிளம்பறதுக்குள்ள அதுவும் புற்றுக்குப் போகணும்."

"என் வீட்டை இடிக்க வந்ததை நானே அவுத்து விடணுமாக்கும்?"

"ஆமாக்கா."

"விட்டா?"

"நான் நிறுத்திருவேன்."

"விடாட்டி?"

"மத்ததெல்லாம் வந்து இடிச்சிரும். அண்டாவுக்குள்ள இருக்கற ஒண்ணு மட்டும் இடிக்காது."

கல்தரையில் பித்தளை உராயும் சத்தம் போனில் நீளமாகக் கேட்டது.

"போயிட்டுது," என்றாள். "பொய் சொல்லியிருந்தேன்னா உன்னைத் தேடி வருவேன்."

"வாங்கக்கா. இப்ப நீங்களும் வெளிய ஓடுங்க."

கேமராவில் அந்த ஒற்றை எறும்பு தெரிந்தது. அண்டாவின் விளிம்பு பட்டு ஒரு கால் மடங்கியிருந்ததால் நொண்டிக்கொண்டே வந்தது. ஊரே வெறுக்கும் ஒரு யந்திரம் சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமென்று செலினும் திருவேங்கடமும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தார்கள். இரண்டாவது நடைக்கான எறும்புகள் புற்றின் வாசலில் வரிசை கட்டத் தொடங்கின. நொண்டி எறும்பு அவற்றுக்கு நடுவே புகுந்து உள்ளே போனது.

வெளியே: எதுவுமில்லை.

செலின் விரலை வைத்தாள்.

புற்றின் வாசலில் நின்றவை அப்படியே காலை மடித்து உட்கார்ந்தன. பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 'வேலை முடிந்தது' என்றது திரை. திருவேங்கடம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

"வைரவன் மேல அறிக்கை எழுதணும்," என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

"அப்ப என் பேரையும் எழுதுங்க சார். அவரு திறந்து வச்சாரு, நான் பாக்காம ஏறி உக்காந்தேன். மனுஷங்க இருக்காங்களான்னு பார்க்கறதையே காத்துல நிக்கற ஒரு மாறியால அணைச்சிடலாம்னு நம்ம தச்சனைச் செஞ்சிருக்கோமே, அதையும் எழுதுங்க."

அன்று அவர் எழுதிய அறிக்கையில் மூன்றும் இருந்தன. நான்காவதாக, புற்றைப் பற்றிய தன் கையெழுத்தையும் அவரே சேர்த்திருந்தார்.

துண்டித்த தண்ணீரும் கரண்டும் திரும்ப வர வேண்டும். செலின் வைரவனின் திரையை மூடினாள். புதிதாக ஒன்றைத் திறந்தாள். இந்த முறை எல்லாவற்றையும் ஒரே வரியில் வெளிப்படையாகத் தட்டினாள்: ஊர்=கரை உயிர்ச்சோதனை=வேண்டும் தச்சன் கட்டு மூன்றாம்-வரிசை.

"இப்படி முன்னால எழுதினா அந்த ஒரு கட்டளைக்கு மட்டும்தான் சார். முடிஞ்சதும் போயிடும். அடுத்து வந்து உக்கார்றவங்களுக்கு எதுவும் மிச்சமிருக்காது."

திருவேங்கடம் ஒவ்வொரு சொல்லையும் விரல் வைத்து வாய்விட்டுப் படித்தார். பிறகு தலையாட்டினார்.

எறும்புகள் சாயங்காலம் வரை வேலை செய்தன. மூன்றாம் வரிசைக்காரர்கள் யாரும் வீட்டுக்குத் திரும்பத் துணியவில்லை. மைதானத்திலேயே அடுப்பு மூட்டிச் சோறாக்கிச் சாப்பிட்டார்கள். வைரவன் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டான். விஷயத்தைக் கேட்டதும், உள்ளே யாராவது இருந்தார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை," என்றாள் செலின். "பாப்பா கை எப்படி இருக்கு?"

"மாவுக்கட்டுப் போட்டாச்சு," என்றவன், அதற்குமேல் முடியாமல் அழுதுவிட்டான்.

மறுநாள் காலை செலின் தனியாகவே மூன்றாம் வரிசைக்குப் போனாள். நேரில் போய்த் திட்டு வாங்கிக்கொள்வதுதான் முறை என்று அவளுக்குப் பட்டது. தெரு முனையிலேயே நின்றுவிட்டாள். அரித்துப்போன சுவர்களைக் காணோம். கூரை ஒழுகிய கறைகளைக் காணோம். வரிசை முழுக்க நேற்றுக் கட்டி முடித்தது போல வெள்ளை வெளேரென்று நின்றது.

கொஞ்சம் யோசித்ததும் புரிந்தது. வீடு எப்படி இருக்க வேண்டும் என்று ஊர் கட்டிய நாளில் எழுதிய விவரம் தச்சனிடம் இருந்தது. 'கட்டு' என்றால், அந்த விவரத்தையும் இருக்கிற வீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, குறைந்ததை எல்லாம் அது நிரப்பும். இத்தனை வருஷமும் பழுது பார்க்கச் சொல்லி மூன்றாம் வரிசை மனுக் கொடுத்துக்கொண்டே இருந்தது. அந்தக் கட்டளையைத் தட்ட ஒருவருக்கும் அனுமதி வந்ததில்லை.

செலின் போனில் திருவேங்கடத்துக்குச் செய்தியைச் சொன்னாள்.

"வாழத் தகுதியில்லைன்னுதானே இடிக்கச் சொன்னாங்க? இப்பப் புது வீட்டை எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இடிக்கிறது?" என்றார். எரிச்சலாகச் சொல்லத்தான் முயன்றார். ஆனால் சிரித்துவிட்டார்.

ஜெசிந்தா வாசலில் நின்றிருந்தாள். பெரிய உடம்பு, ஏற்றிச் செருகிய சேலை.

"நீதானா அது? சின்னப் புள்ளையா இருக்க. உள்ள வா."

திட்டுக்குத் தயாராகத்தான் செலின் உள்ளே போனாள். ஜெசிந்தா அவளை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய், வெறும் சுவரைக் காட்டினாள்.

"இங்க ஒரு சன்னல் இருந்துச்சு."

ஊரைத் திட்டம் போட்டவர்கள் மூன்றாம் வரிசையைக் கடலுக்கு முதுகு காட்டித்தான் அமைத்திருந்தார்கள். தெருவையே எடுத்துக்கொண்ட கடலை யார் பார்க்க ஆசைப்படுவார்கள் என்று நினைத்திருக்கலாம். குடிவந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்சுவரை வெட்டிச் சன்னல் வைத்துக்கொண்டார்கள். விவரத்தில் இல்லாதது எதுவும் தச்சனுக்கு அதிகப்படி. அதனால் எல்லாச் சன்னலையும் அடைத்து, பூசி, மெழுகிவிட்டிருந்தது.

"சோறு வடிக்கும்போது கடல்ல படகு தெரியும். எங்க வீட்டுக்காரரு வாராரா இல்லையான்னு இங்கயிருந்தே பாத்துருவேன். இப்பக் கூரை ஒழுகல, சுவரு உதிரல, எல்லாம் சரிதான். ஆனா இது யாரு வீடோ மாதிரி இருக்கு."

செலின் அந்தச் சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு தோள்பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து அடுப்பு மேடையில் வைத்துத் திறந்தாள்.

"எவ்வளவு உயரம் இருந்துச்சு அக்கா?"

"என்னத்துக்கு?"

"வெறுமனே வெட்டினா அடுத்த தடவை மறுபடி அடைச்சிடும். விவரத்துலயே எழுதிட்டா இது உங்க வீட்டோட சேர்ந்தது. அப்புறம் யாரு எங்கேர்ந்து எந்தக் கட்டளை போட்டாலும், இதைக் காப்பாத்தற வேலையையும் சேர்த்துத்தான் தச்சன் பார்க்கும். திருவேங்கடம் சார்கிட்ட இப்பவே போன்ல அனுமதி வாங்கிக்கறேன். ஒவ்வொரு வீடாப் போகப் போறேன்."

ஜெசிந்தா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சுவரில் கையால் அளந்து காட்டினாள். இந்த இடத்திலிருந்து இதுவரைக்கும், என் தோளுக்குச் சரியாக. செலின் எழுதிக்கொண்டே வந்தாள்.

"அதை அவருதான் வெட்டினாரு. ஒரு பக்கம் ஏத்தமும் ஒரு பக்கம் இறக்கமுமா கோணிக்கிட்டு நிக்கும். பாக்கிறவனெல்லாம் சிரிப்பான்," என்றாள் ஜெசிந்தா. "நீ நேரா போட்டுரு."

செலின் நேராகவே எழுதினாள். வீட்டுக்குள் ஆள் இருந்தால் எறும்பு வேலை செய்யாது என்பதால் இருவரும் எழுந்து வாசலுக்கு வந்தார்கள். கட்டளையைத் தட்டப் போன நேரத்தில் ஜெசிந்தா அவள் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம். கோணலாவே போடு. சாயங்காலம் அவரு கரைக்கு வந்து பாத்தாருன்னா, வீடு மாறி வந்துட்டோமோன்னு நினைச்சுக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருவாரு."

செலினுக்குச் சிரிப்பு வந்தது. முந்தின நாள் காலைக்குப் பிறகு முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். சன்னலின் ஒரு மூலையைக் கொஞ்சம் இறக்கி எழுதினாள். "இவ்வளவா?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம்," என்றாள் ஜெசிந்தா.